வெள்ளைக் கூரை வைத்த கார்

அக்கா பேரனின் பிறந்தநாளுக்கு ஒரு பொம்மைக் கார் வாங்கலாம் என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். நீளமான உடம்பு, பின்பக்கம் மீன் துடுப்பு போலத் தூக்கிய இரண்டு இறக்கைகள், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற குரோம் முகப்பு என்று ஒரு பழைய அமெரிக்கக் கார் படம் வந்தது. இவ்வளவு அழகான பொம்மையை ஓசூரில் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. உடனே ஆர்டர் போட்டேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இல்லை. பிளாஸ்டிக் கிளைகளில் காய்த்துத் தொங்குகிற மாதிரி நூற்றுச் சொச்சம் துண்டுகளும், மடித்து வைத்த ஒரு படத்தாளும் இருந்தன. பெயிண்ட் இல்லை, பசை இல்லை. பேரனுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைத் திருப்பி அனுப்பச் சோம்பேறித்தனம். ஐம்பது வயதில் இந்தப் பழக்கம் என்னிடம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

என் வேலையைச் சொன்னால்தான் மீதி விளங்கும். தொழிற்பேட்டையில், மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் பரிசோதகன். பெயிண்ட் அடித்து, சூட்டு அறையில் காய்ந்து, கொக்கியில் தொங்கியபடி டேங்குகள் வரிசையாக வரும். முதலில் ஒருவர் பார்ப்பார். கடைசியாக நான் பார்ப்பேன். தூசி, வழிசல், கீறல், நிற வித்தியாசம், எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பு ஒட்டிய டேங்க் மறுபடி பெயிண்டுக்குப் போகும். அம்பு இல்லாத டேங்கின் அடியில் என் முத்திரை விழும். முத்திரை விழுந்தால் லாரி ஏறும். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு பருத்திக் கையுறை போட்ட உள்ளங்கையால் தடவ வேண்டும் என்பது எங்கள் முறை. அந்த முத்திரை பதினைந்து வருடமாக என் சட்டைப் பையில் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கிடைத்தால் என்ன ஆகும்? முதல் நாளே துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துக் குறை கண்டுபிடித்தேன். கதவின் ஓரத்தில் அச்சுக் கோடு. முகப்புக் கம்பியில் பிசிறு. இதை அச்சு வார்த்தவன் எங்கள் லைனில் இருந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் அழுதிருப்பான். நகவெட்டியால் நறுக்கி, தொழிற்சாலையில் தேய்ந்து எறியும் இரண்டாயிரம் நம்பர் எமரித் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். படத்தாளில் எஞ்சினுக்கு வயர் இல்லை. பழைய சார்ஜர் கேபிளைப் பிரித்து, உள்ளே இருக்கும் செம்பு இழையில் எட்டு வயர் எடுத்து எஞ்சினில் சொருகினேன். மூடியைத் திறந்தால் மட்டும் தெரிகிற வயர். அதைத் திறந்து பார்க்கிற அக்கறை வீட்டில் யாருக்கும் இல்லை. ஆனாலும் அந்த எட்டும் சரியான இடத்தில் இருக்கின்றன.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். ரவிக்கைத் துணிக்கு நூல் பொருத்துவதில் கெட்டிக்காரி. பழுப்பில் பதினாறு விதம் வைத்திருப்பாள். அவள் பெட்டியிலிருந்து நிறையத் திருடினேன். காரின் உள்தரைக்குக் கம்பளம் வேண்டும் என்றபோது, அவளுடைய அரக்கு நிற வெல்வெட் பொட்டு அட்டையில் இருந்த பெரிய பொட்டுகளை வெட்டி ஒட்டினேன். கார் கிருஷ்ணகிரிக் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. மாமனார் வீட்டிலிருந்து வந்த மாம்பழக் கூழ் டின் ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் காரை வைத்துச் சுற்றிச் சுற்றி ஸ்பிரே அடிப்பேன். பொழுது போகாதவன் செய்கிற வேலை என்று அக்கா சொன்னாள். எனக்குப் பொழுது போதாமல்தான் இருந்தது.

இந்தக் கார்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்தது கிடையாது. ஸ்டியரிங் இடப்பக்கம். நிஜத்தில் பதினெட்டு அடி நீளம். பாகலூர் ரோட்டில் இதைத் திருப்ப வேண்டுமானால் முதலில் இரண்டு பேக்கரிகளை இடிக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும் ஆசையெல்லாம் எனக்கு வந்ததே இல்லை. இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, ஒரு சாண் நீளத்துக்கு மேசையில் நிற்கும்போது, அதன் மேல் ஒரு குறைகூட இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் என் ஆசை. மூன்று கார்கள் அப்படி முடித்தேன். நான்காவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் காரைத் தொடங்கிய ஆவணி மாதத்தில் தொழிற்சாலையில் ஒரு காரியம் நடந்தது. என் இருக்கைக்கு முன்னால், முதல் பரிசோதனையில், பாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் நின்றாள். வயது முப்பத்தைந்து இருக்கும். எட்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ். கணவர் ரோஜாப் பண்ணையில் கூப்பிட்டால் போகிற வேலை. இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருகிறது என்றால் அது அவள் சம்பளம் மட்டும்தான். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். வேலையில் சுத்தம். கொஞ்சம் அதிகச் சுத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வெள்ளை டேங்குகள் வந்தன. நிறம் அளக்கும் கருவியைச் சரிபார்க்க வெளியே அனுப்பியிருந்தார்கள். கருவி இல்லாத நாளில் கண்தான் கருவி. வரிசையில் பதினோரு டேங்குகளில் அவள் அம்பு ஒட்டியிருந்தாள்.

"என்னம்மா, என்ன குறை?"

"மஞ்ச அடிக்குதுண்ணா. ஓவன்ல ரொம்ப நேரம் நின்னிருக்கும்போல."

வெள்ளைப் பெயிண்ட் சூட்டில் அதிக நேரம் இருந்தால் லேசாகப் பழுப்பேறும். அது எனக்குத் தெரியாததா? டேங்கை டியூப்லைட்டின் கீழே தூக்கிப் பிடித்தேன். சரியான நிறம் பூசிய மாதிரித் தகட்டைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் எனக்கு ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"மஞ்சளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ எல்லாத்தையும் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கற."

"நல்லா பாருங்கண்ணா. இந்த ஓரத்துல தெரியுது."

"பார்த்தாச்சு."

பதினோரு அம்புகளையும் நானே நகத்தால் உரித்து, உருண்டையாக உருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பதினோரு முத்திரை குத்தினேன். லாரி போயிற்று.

மூன்று வாரத்தில் பதினோரு டேங்குகளும் திரும்பி வந்தன. நிறம் தவறு என்று வண்டித் தொழிற்சாலை எழுதியிருந்தது. மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு டேங்க், பக்கத்தில் மாதிரித் தகடு. அறையில் இருந்த எல்லாரும் பார்த்த மாத்திரத்தில் மஞ்சள் என்றார்கள். எனக்கு அப்போதும் தெரியவில்லை. அறை விளக்கு சரியில்லை, வெயிலில் கிடந்து ஆகியிருக்கும் என்று ஏதோ பூசி மெழுகினேன்.

"முதல் செக்ல எப்படி விட்டீங்க?" என்று மேலாளர் அவளைக் கேட்டார்.

"நான் விடல சார். பதினொண்ணுலயும் அம்பு ஒட்டினேன்."

"எங்க அம்பு? ஒண்ணுலகூட இல்லையே."

அவள் என்னைப் பார்த்தாள். மேலாளரும் என்னைப் பார்த்தார். "ஒட்டியிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்லீங்க சார்."

நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த உருண்டை விரலில் ஒட்டிக்கொண்டு விழாமல் அடம் பிடித்ததுகூட ஞாபகம் இருந்தது. வெட்கமாக இருந்தது என்று இப்போது எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அன்று எனக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சரியான டேங்குகளைத் தவறு என்று எல்லாரும் சேர்ந்துகொண்டு சொல்கிறார்கள், அதில் நான் எதற்காகப் பழி சுமக்க வேண்டும் என்ற எரிச்சல். ஒப்பந்தத் தொழிலாளர்களின் அடுத்த வருடப் பட்டியல் ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் எழுதப்படும். அதில் அவள் பெயர் இருக்காது என்று மறுநாளே லைனில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.

அன்று முதல் அவள் என்னை சார் என்று கூப்பிட ஆரம்பித்தாள். குரலில் கோபம் கிடையாது. டேங்கைத் தள்ளிவிட்டு, "பாருங்க சார்" என்பாள். எட்டு வருடம் அண்ணாவாக இருந்துவிட்டு ஒரே நாளில் சாராக மாறுவது, முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அதையும் நான் திமிர் என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் உள்ளே ஒரு மூலையில் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்காவது காருக்கு அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். இளம்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. பெட்டிப் படத்தில் இருந்தது சிவப்பு. நான்தான் வெள்ளைக்கு மாற்றினேன். என் கண் சரியாக இருக்கிறது என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் வருடா வருடம் நடக்கும் கண் பரிசோதனையை நான் நம்பவில்லை. நிறம் தெரிகிறதா என்று பார்க்கப் பதினைந்து வருடமாக அதே புள்ளிப் படப் புத்தகம். எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று எனக்கு மனப்பாடம்.

வாங்கி வந்த வெள்ளைப் பெயிண்ட் புட்டி பழுப்பாக இருந்தது. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று பெங்களூருக்கே எடுத்துப் போய்ச் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தேன். இரண்டாவது புட்டியும் பழுப்பாகத்தான் இருந்தது. சரி, நாமே திருத்துவோம் என்று பல்குத்தும் குச்சியின் நுனியால் நீலத்தைத் தொட்டுத் தொட்டுக் கலந்தேன். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. கடைசியில் ஒரு நாள், பால் மாதிரி, பழுதே இல்லாத வெள்ளை வந்தது. கூழ் டின்னைச் சுற்றிச் சுற்றி ஐந்து பூச்சு அடித்தேன். ஒரு தூசி இல்லை, ஒரு வழிசல் இல்லை. கூரையைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன்.

மனைவி காபி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நீலம் அதிகமாப் போன வேட்டி மாதிரி இருக்குது?"

"உனக்கு என்ன தெரியும் வெள்ளையைப் பத்தி? பதினஞ்சு வருஷமா நான் பார்க்கறது அதைத்தான்."

"சரிங்க" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சரிங்க என்று சொன்னால் சண்டை போட விருப்பமில்லை என்று அர்த்தம். நான் அதை ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் தொழிற்சாலையில் பூஜை. தகட்டை அழுத்தி டேங்க் செய்கிற பிரஸ் ஷாப்பில் எந்திரம் எந்திரமாகச் சந்தனமும் குங்குமமும் அப்பி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். எங்கள் பெயிண்ட் ஷாப்புக்குள் மட்டும் எதுவும் நுழையக் கூடாது. கற்பூரம் கொளுத்தினால் தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும். குங்குமத் தூள் ஒரு சிட்டிகை காற்றில் கலந்தால் ஒரு ஷிப்டு டேங்குகள் பாழ். ஆகவே கதவுக்கு வெளியே ஒரு மேசை போட்டு, ஒரு காலி டேங்கை வைத்து அதற்குப் பூஜை செய்வோம். ஈரத்தோடு பட்டால் குங்குமம் பெயிண்டில் சாயம் பிடித்துவிடும், சந்தனம் துடைத்தால் போய்விடும் என்று இதையெல்லாம் வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்று பொரிப் பொட்டலம் கொடுத்தது அந்தப் பாகலூர்ப் பெண்தான். என் முறை வந்ததும், "எடுத்துக்கங்க சார்" என்றாள். எட்டு வருடமாக அவள்தான் கொடுக்கிறாள், அடுத்த வருடம் வேறு யாரோ கொடுப்பார்கள் என்று தோன்றியது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வேகமாக நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை வீட்டில் பூஜை. குளித்துவிட்டு வந்தபோது மனைவி எல்லாம் தயார் செய்திருந்தாள். கூடத்துச் சன்னலோரம் தையல் எந்திரம், கத்தரிக்கோல், கிரைண்டர், மிக்ஸி. ஒரு தாம்பாளத்தில் என் நகவெட்டி, இடுக்கி, தூரிகைகள். பக்கத்தில் பலகை மேல் நான்காவது கார். எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் இருந்தன. இடுக்கிக்குக்கூட வைத்திருந்தாள். கார் மட்டும் சுத்தமாக இருந்தது.

"நல்ல வேளை, கார்ல நீ எதுவும் வெக்கல" என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவள் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கூரை மேல பாருங்க."

"என்ன?"

"பாருங்கன்னா பாருங்களேன்."

பார்த்தேன். வெள்ளைக் கூரை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். காரைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பனி விலகி நல்ல வெயில் வந்திருந்தது. கூரை முழுக்க ஒரே வெள்ளை.

"வெச்சிருக்கேங்க" என்றாள். "மிளகளவு. நட்ட நடுவுல. சந்தனம் மட்டுந்தான். குங்குமம் சாயம் புடிக்கும்னு நீங்கதான சொன்னீங்க, அதுக்கோசரம் அது வெக்கல."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. கண்ணால் பார்த்தாயிற்று. அடுத்தது கை. சுட்டுவிரலை முன்கண்ணாடிப் பக்கம் வைத்து மெதுவாகப் பின்னால் இழுத்தேன். வழுவழுவென்று போய்க்கொண்டிருந்த விரல் நடுவில் நின்றது. காய்ந்த சின்ன மேடு. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

எனக்குப் பயம் வந்தது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்த பயம் கண்ணைப் பற்றிக்கூட இல்லை, முத்திரையைப் பற்றி. அந்த முத்திரை போனால் நான் யார் என்ற பயம். அந்தப் பதினோரு டேங்குகள் நினைவுக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். நான் அப்படிப்பட்டவன் என்பதை இங்கே எழுதிவிடுவது நல்லது.

"ஆறு மாசமாவே பாக்கறேன்" என்றாள் மனைவி. "நீல நூல்கண்டு எடுங்கன்னா பச்சையைக் குடுக்கறீங்க. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

அவளிடம் அதுவரை அந்த டேங்க் சங்கதியை முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். அம்புகளை உரித்ததை, உருட்டிப் போட்டதை, ஞாபகம் இல்லை என்று சொன்னதை எல்லாம். கேட்டுக்கொண்டே தட்டில் கற்பூரத்தை வைத்தாள்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப என்ன ஆவும்?"

"லிஸ்ட்ல பேர் இருக்காது."

"எப்ப எழுதறாங்க லிஸ்ட்?"

"லீவு முடிஞ்சதும்."

தீப்பெட்டியை எடுத்தவள் உரசாமல் நின்றாள். "சாமி கும்புட்டுட்டுச் சொல்றீங்களா, இல்ல சொல்லிட்டுக் கும்புடறீங்களா?"

எங்கள் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியது கிடையாது. குரலை உயர்த்தக்கூட இல்லை. நான் கைப்பேசியை எடுத்தேன். மேலாளர் வீட்டிலும் பூஜை நடந்துகொண்டிருந்தது. மணிச் சத்தத்துக்கு நடுவில், "ஹலோ, சொல்லுங்க" என்றார்.

"சார், அந்தப் பதினோரு டேங்க்லயும் அம்பு இருந்துச்சு. நான்தான் உரிச்சேன். ஞாபகம் இல்லேன்னு சொன்னது பொய்."

"இன்னிக்கா சொல்லணும் இதை?" என்றார்.

"இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சது. எனக்குக் கண்ணு சரியில்ல."

"லீவு முடிஞ்சு வாங்க. எழுதிக் கொடுக்கணும்."

வைத்துவிட்டார். மனைவி கற்பூரத்தை ஏற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

விடுமுறை முடிந்ததும் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். முத்திரையை மேசை மேல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கண் டாக்டர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டிலும் கண்புரை, வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது என்றார். பழுப்பேறிய கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்ப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் வருகிறவருக்குத் தெரியாது என்றார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை மட்டும் எப்படியோ நன்றாகப் பார்க்க முடிந்தது.

பட்டியலில் அவள் பெயர் சேர்ந்தது. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு முத்திரை கொடுக்க விதியில் இடமில்லை என்று என் இருக்கைக்கு வேறு பிரிவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெயிண்டைப் பற்றி அவருக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். என்னைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அட்டைப் பெட்டிக்கு நிறம் பார்க்க வேண்டியதில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை லைன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். கண் அறுவைக்கு இரண்டு நாள் முன்பு, நான்காவது காரை ஒரு செருப்புப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து எடுத்துப்போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீனில் அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேசையில் பெட்டியைத் திறந்து வைத்தேன்.

"என்ன சார் இது?"

"நான் பண்ணது. பெயிண்ட் அடிச்சதும் நான்தான்." சட்டைப் பையிலிருந்து சிவப்பு அம்பு அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். முத்திரையைக் கொடுத்தவன் இதைக் கொடுக்க மறந்திருந்தேன். "பார்த்துட்டு ஒட்டும்மா. எனக்குத் தெரியல."

அவள் உடனே தொடவில்லை. கையை முந்தானையில் துடைத்தாள். பையிலிருந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில், பொம்மைக் காருக்கு, முழு முறைப்படி. காரை எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். இடப்பக்கக் கதவில் ஒன்று ஒட்டினாள். துடுப்பின் நுனியில் ஒன்று. பின் பம்பரின் மேலே பச்சை வெளிறிய இடத்தில் இரண்டு. நான் மாதக்கணக்கில் தடவித் தடவிப் பார்த்த கார் அது. அம்பு விழ விழ எனக்கு உடம்பு கூசியது. எட்டு ஒட்டியதும் கூரைக்கு வந்தாள்.

"கூரை முழுசும் நீலமா இருக்குது சார். எத்தனை ஒட்டறது?"

"ஒண்ணு போதும்."

நட்ட நடுவில் ஒட்டினாள். சந்தனம் இருந்த அதே இடம். அது அவளுக்குத் தெரியாது. பிறகு காரைப் பெட்டியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நகம் எந்த அம்பிடம் போகிறது என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நான் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு உன் கண்ணு சரி. என் கண்ணும் சரியில்ல, நானும் சரியில்ல" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். சங்கு ஊதியது. டப்பாவை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனாள்.

இரண்டு கண்ணுக்கும் இப்போது அறுவை ஆகிவிட்டது. கட்டுப் பிரித்த மறுநாள் காரைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். நீலம் அதிகமாய்ப் போன வேட்டி என்று மனைவி சொன்னது அச்சு அசல். ஒன்பது அம்புகளும் சரியான இடத்தில் இருந்தன. தின்னர் ஊற்றிக் கழுவி, கூரையை மறுபடி அடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். புட்டியில் வெள்ளை மிச்சம் இருக்கிறது, இப்போது அது வெள்ளையாகத்தான் தெரிகிறது. செய்யவில்லை. அம்போடுதான் கார் ஷோகேஸில் நிற்கிறது. வருகிறவர்கள் விலைச் சீட்டா என்று கேட்கிறார்கள். ஒருமுறை அக்கா பேரன் வந்தபோது ஒன்றை உரிக்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் பயந்துவிட்டான்.

முத்திரை திரும்பக் கிடைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பொட்டலப் பிரிவுக்குப் போகும் வழியில் தினமும் அவள் இருக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் டேங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை அசைப்பாள். காலை வணக்கம் சொல்வாள். இன்னமும் சார் என்றுதான் கூப்பிடுகிறாள்.